முத்திரைகளை எண்ணிய இயந்திரம்

மாட்டுங்காவில் தெலங் வீதிக்கு அருகே ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் என் இளமைப் பருவம் கழிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். ஊரிலிருந்து வரும் கடிதங்களைப் படித்து முடித்தபின் என் தந்தையார் அக்கம்பியில் குத்தி வைப்பார். உறவினர் பலரும் மேலுறையில் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுத, தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் இருந்த என் பாட்டியார் மட்டும் தமிழிலேயே எழுதுவார். தபால் நிலையத்தில் எவரோ ஊர்ப் பெயரை மாத்திரம் பென்சிலால் ஆங்கிலத்தில் குறித்திருப்பார்கள். அதற்கு அப்பால் கட்டடத்தையும் வீட்டையும் கண்டறிவது தபால்காரரின் பொறுப்பு. அவரோ ரத்னகிரிப் பக்கத்து மராட்டியர். தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். ஆயினும் பாட்டியாரின் கடிதம் ஒரு நாளும் தவறிப் போனதில்லை.

இது எவ்வாறு கூடுகிறது என்று ஒருமுறை அவரையே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு உறையைத் திருப்பிக் காட்டினார். கடைசி வரி எல்லாத் தமிழ் உறைகளிலும் ஒன்றே. அது ‘பம்பாய் 19’. அதற்கு மேல்வரியும் ஒன்றே, அது மாட்டுங்கா. அதற்கும் மேலுள்ள வரி கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். எங்கள் கட்டடத்துக்குரிய வரி இன்ன வடிவினது என்று அவர் கண் பழகியிருந்தது. முதல் வரி வீட்டுக்கு வீடு வேறு. எனினும் அதன் தொடக்கத்தில் ‘திரு’ என்றோ ‘ஸ்ரீ’ என்றோ ஏதேனும் ஒரு வடிவம் தவறாமல் நிற்கும். இவ்வளவே அவர் அறிந்தது. ‘மாட்டுங்கா’ என்று எழுதியிருந்ததை அவர் வாய்விட்டுப் படித்திருக்க இயலாது. ஆனால் அவ்வடிவம் எங்கே நிற்கும், அதன் பக்கத்தில் எது நிற்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அந்தத் தபால்காரரை ஈண்டு நினைவு கூர்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் நடைபெற்ற தமிழ் விழா ஒன்றில், பேச்சாளர் ஒருவர், சிந்துவெளி மக்கள் பேசியது தமிழே என்பதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது என்று முழங்கினார். மண்டபம் அதிரக் கரவொலி எழுந்தது. நானும் கை தட்டினேன். பிறந்த மண்ணை விட்டு வந்து, பிற மொழியினர் நடுவே, ‘மதராஸி’ என்ற ஒற்றைப் பெயரால் அழைக்கப்பட்டு வாழ்ந்தவர்களுக்கு, இந்நாட்டின் மிகப் பழைய நாகரிகமே நம்முடையது என்னும் சொல் தேனாக இனிப்பதில் வியப்பில்லை. வீடு திரும்பும் வழியில், கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைச் சுற்றி நடக்கையில்தான் ஐயம் பிறந்தது. அந்த இயந்திரம் அதனை எப்போது சொல்லிற்று? எங்கே சொல்லிற்று? யார் கேட்டு, என்னவென்று சொல்லிற்று?

அவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தபோது, அவ்வியந்திரம் வெகு தொலைவில் இல்லை, நம் நகரத்தின் தென்கோடியிலேயே இருந்தது என்று அறிந்தேன். கொலாபாவில், கடலை நோக்கி நிற்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அது. அதன் கதையைக் கூறுமுன் எழுத்தின் கதையைச் சிறிது கூறியாக வேண்டும். 

ஹரப்பா, மொகஞ்சதாரோ ஆகிய ஊர்களில் கிடைத்த பழம்பொருள்களைப் பற்றித் தொல்பொருள் துறைத் தலைவர் ஸர் ஜான் மார்ஷல் 1924 செப்டம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் உலகுக்கு அறிவித்தார். அவற்றுள் சிறு சதுரக் கல்முத்திரைகள் மிகுதி. ஒற்றைக் கொம்பு விலங்கு, எருது, யானை போன்ற உருவம் ஒன்றும், அதன் தலைக்கு மேல் ஒரு வரி எழுத்தும் அவற்றில் செதுக்கப்பட்டிருந்தன. ஒரு வரியில் சராசரியாக ஐந்து குறிகளே உண்டு. எகிப்திய எழுத்தைப் படிக்க ரொஸெட்டாக் கல் உதவியதுபோல், இருமொழிச் சாசனம் எதுவும் சிந்துவெளி எழுத்துக்கு இன்றளவும் கிடைக்கவில்லை. வழிகாட்டி இல்லாத இடத்தில் கற்பனை கட்டவிழ்ந்து ஓடுவது இயல்பு. சமஸ்கிருதம் என்றவரும், சுமேரியம் என்றவரும், தமிழ் என்றவரும் தத்தம் விருப்பப்படி அதனைப் படித்துக் காட்டினர். ஒருவர் படித்ததை மற்றொருவர் ஒப்பியதில்லை.

பம்பாய்க்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. 1922இல் இந்நகருக்கு வந்த ஹென்றி ஹேராஸ் என்னும் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார், தோபி தலாவுக்கு அருகிலுள்ள ஸெயிண்ட் ஸேவியர் கல்லூரியில் இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிலையத்தை 1926இல் நிறுவினார். சிந்துவெளி எழுத்து திராவிட மொழியின் எழுத்து என்பது அவர் துணிபு. 1953இல் அதனைப் பெருநூலாகவும் வெளியிட்டார். அவருடைய வாசிப்புகளில் பெரும்பகுதியை இன்று எவரும் ஏற்பதில்லை. எனினும் ஒரு குறிப்பு மட்டும் அழியாது நின்றது. முத்திரைகளில் மீன் வடிவம் அடிக்கடி வருகிறது. மீன் என்னும் தமிழ்ச் சொல் நீரில் வாழும் மீனையும் வானத்து விண்மீனையும் குறிக்கும். ஆகவே மீனை வரைந்து விண்மீனைச் சுட்டினர் போலும் என்றார் ஹேராஸ். கார்த்திகையை அறுமீன் என்றும், ஸப்தரிஷி மண்டலத்தை எழுமீன் என்றும் நம் பழம் புலவர் வழங்கியதை அறிந்தவர்க்கு இக்கருத்தின் அழகு விளங்கும். அழகு வேறு, நிரூபணம் வேறு என்பதனையும் உடன் கூறிவிட வேண்டும்.

விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, இருப்பதை எண்ணிப் பார்ப்போம் என்று முனைந்தவர்களிடமிருந்தே உண்மையான முன்னேற்றம் தொடங்கிற்று. எண்ணுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் அரும்பத அகராதி முதலியவற்றை எத்துணைப் பாடுபட்டுச் சேர்த்தார் என்பதைத் தமிழுலகம் அறியும். ஒரு சொல் நூலின் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று திரட்டித் தருவது அடைவு. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்கள் அனைத்துக்கும் இத்தகைய அடைவு ஒன்றை 1967 முதல் 1970 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டது. மேலை நாட்டில் ரொபெர்த்தோ பூஸா என்னும் இத்தாலியப் பாதிரியார், தோமஸ் அக்வினாஸ் எழுதிய நூல்களின் சொற்கள் யாவற்றையும் இயந்திரத்தின் துணையால் அடைவு செய்ய விரும்பி, 1949இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத் தலைவரிடம் சென்று உதவி கேட்டார். துளையிட்ட அட்டைகளில் தொடங்கிய அவ்வேலை முடிவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. ஆவணத் திரளை இயந்திரத்திடம் தந்து அதன் உள்ளடக்கத்தை ஆராயும் கலைக்கு இவரையே முன்னோடி என்பர்.

சிந்துவெளி எழுத்தை இயந்திரத்துக்குத் தருவதில் நாம் முதல்வர் அல்லர். ரஷ்யாவில் யூரி க்னோரோசோவ் தலைமையில் ஒரு குழுவினர் 1965இலும், பின்லாந்தில் அஸ்கோ பர்போலாவும் அவர் தோழர்களும் 1969இலும் தத்தம் முடிவுகளை வெளியிட்டனர். ஒருவரை ஒருவர் சாராமல் வேலை செய்த இவ்விரு குழுவினரும் திராவிடத்தின் பக்கமே சாய்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. வரிகளின் இறுதியில் சில குறிகள் மாறி மாறி வருவதைக் கண்டு, சொல்லின் பின்னே விகுதிகள் ஒட்டும் மொழி இது என ரஷ்யர் கருதினர். ஆனால் அப்படிக் கருதியவர் மனிதர். இயந்திரம் அடுக்கித் தந்தது குறிகளின் வரிசையை மட்டுமே.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். ஐராவதம் மகாதேவன் 1930இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்தவர். 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். கல்வெட்டாராய்ச்சியை அவர் ஓய்வு வேளையில் மேற்கொண்டார். கரூருக்கு அருகில் புகலூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் உள்ள பிராமிக் கல்வெட்டுகளில் சேர மன்னர் பெயர்கள் இருப்பதை 1965இல் படித்துக் காட்டியவர் அவரே. சங்க நூல்கள் பாடும் இரும்பொறைகள் கல்லிலும் நிற்கின்றனர் என்று அதனால் உறுதியாயிற்று. கோப்புகளைப் பார்த்துப் பழகிய அதிகாரியின் கண் அவருக்கு. ஒரு குறிப்பை உரிய இடத்தில் சேர்த்து, வேண்டும்போது எடுக்கத்தக்க வகையில் வைக்காவிட்டால் அது இருந்தும் இல்லாததே என்பதை அலுவலகம் அவருக்குக் கற்பித்திருக்கும் என்பது என் ஊகம். மாட்டுங்காவில் குடியேறிய முதல் தலைமுறைத் தமிழரும் பெரும்பாலோர் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளருமே அன்றோ? அவர்களுக்கு இக்குணத்தின் அருமை தெரியும்.

1970இல் ஜவஹர்லால் நேரு நிதியத்தின் ஆராய்ச்சி நல்கை அவருக்குக் கிடைத்தது. சிந்துவெளி எழுத்துக்கு முழுமையான குறியடைவு ஒன்றைத் தயாரிக்க அவர் மேற்கொண்ட பணியில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறி உதவிற்று. அந்நிலையத்துக்கு இத்துறையில் நெடிய பழக்கம் உண்டு. சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர் சிலர் தாமே வடிவமைத்து உருவாக்கிய கணிப்பொறி 1960இல் அங்கே இயங்கத் தொடங்கியது. 2,700 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஓர் அறை முழுவதையும் அடைத்து நின்ற அப்பொறிக்கு, 1962இல் பிரதமர் நேரு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். 1964இல் அமெரிக்காவிலிருந்து ‘ஸி.டி.ஸி. 3600’ என்னும் பெரிய பொறி வந்து சேர்ந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர் தம் கணக்குகளைத் துளையட்டைகளாக்கி அங்கே கொண்டு வருவர். அணுவையும் விண்கதிரையும் பற்றிய கணக்குகள் ஓடிய இடத்திலே, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட முத்திரைகளும் வரிசையில் நின்றன என்று எண்ணும்போது ஓர் உவகை தோன்றுகிறது.

இயந்திரத்தின் உள்ளே முத்திரையை எப்படிச் செலுத்துவது? கண் உடைய மனிதனின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ மிக அரிது. உள்ளே ஒரு கோடு உள்ள மீனும் கோடற்ற மீனும் ஒரே குறியா, இரண்டா? ஒரு மனித வடிவம் கையில் வில்லேந்தி நின்றால் அது வேறு குறியா, அல்லது மனிதனும் வில்லுமாகிய இரண்டு குறிகளின் சேர்க்கையா? தமிழறியாத ஒருவர் ‘க’வையும் ‘கா’வையும் காணும்போது இதே திகைப்பை அடைவார். ‘ழ’வும் ‘மு’வும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலத் தோன்றும். இதனைத் தீர்மானிக்க இயந்திரத்தால் ஆகாது. ஒவ்வொரு முத்திரையின் புகைப்படத்தையும் ஊன்றி நோக்கி, மனிதரே தீர்மானிக்க வேண்டும். மகாதேவன் 417 குறிகள் என்று வகுத்தார். பர்போலா 1994இல் தந்த பட்டியலில் 386 குறிகளே உண்டு. பின்வந்த பிரையன் வெல்ஸ் அறுநூறுக்கு மேல் என்றார். மூவரும் கண்டது பெரும்பாலும் ஒரே முத்திரைகளை. பிழையாகப் பிரித்துத் தந்தால் இயந்திரம் அப்பிழையையே முகம் சுளிக்காமல் ஆயிரம் முறை எண்ணித் தரும். இதனை நம் பேச்சாளர் எவரும் மேடையில் சொல்வதில்லை.

குறிகளுக்கு எண் கொடுத்தபின், ஒவ்வொரு வாசகமும் ஓர் எண்வரிசை ஆகிவிடுகிறது. அதனோடு எந்த ஊரில் கிடைத்தது, முத்திரையா, செப்புத் தகடா, பானையோடா, அதில் உள்ள விலங்கு எது என்பனவும் எண்களாகச் சேரும். பிறகு இயந்திரத்தைக் கேட்கலாம்: இக்குறி எத்தனை இடங்களில் வருகிறது? வரியின் தொடக்கத்தில் எத்தனை, இடையில் எத்தனை, இறுதியில் எத்தனை? இதன் பக்கத்தில் நிற்கும் குறி எது? கையால் செய்தால் ஆண்டுகள் செல்லும் இவ்வேலையை இயந்திரம் சிறு பொழுதில் செய்து, காகிதச் சுருளில் அச்சிட்டுத் தந்துவிடும்.

இவ்வாறு உருவான அடைவு 1977இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் வெளியீடாக வந்தது. 2,906 வாசகங்கள், 3,573 வரிகள், மொத்தம் 13,372 குறிவருகைகள் அதில் அடங்கும். இவ்வளவுதானா என்று வியக்கத் தோன்றும். ஒரு நாளேட்டின் சில பக்கங்களில் அடங்கிவிடும் அளவே அது. நாகரிகம் ஒன்று விட்டுச் சென்ற எழுத்தில் நம் கைக்கு எட்டியதில் பெரும்பகுதி அவ்வளவே.

அந்த எண்ணிக்கை கூறும் செய்திகளுள் சிலவற்றைக் காண்போம். 3,573 வரிகளில் 2,974 வரிகள் வலமிருந்து இடமாகச் செல்வன. முத்திரையை மண்ணில் அழுத்தினால் விழும் பதிவை வைத்துச் சொல்வது இது. செதுக்கியவன் இடப்பக்கம் வந்து சேருகையில் இடம் போதாமல் குறிகளை நெருக்கி அடைத்திருப்பதும் இதனை உறுதி செய்கிறது. நம்மூர்ப் பெயர்ப்பலகை எழுதுபவர், பலகையின் ஓரம் நெருங்க நெருங்க எழுத்தைச் சிறுக்கச் செய்வது போலத்தான். பானையோடுகளில் ஒரு கீறல் மற்றொன்றின்மேல் ஏறியிருப்பதை நோக்கி பி. பி. லால் என்னும் தொல்பொருள் அறிஞரும் இதே முடிவுக்கு வந்திருந்தார். 

அடுத்து, 417 குறிகளும் ஒரே அளவில் பயின்று வருவதில்லை. கைப்பிடியுள்ள குடம் போன்ற ஒரு குறி மட்டும் 1,395 முறை வருகிறது. பத்துக் குறிக்கு ஒன்று அதுவே. 67 குறிகளே வாசகங்களின் ஐந்தில் நான்கு பங்கை நிரப்புகின்றன. மறுபுறம், 112 குறிகள் ஒரே ஒரு முறை தலைகாட்டி மறைகின்றன. அக்குடக் குறி வரியின் இறுதியை மிகவும் விரும்புவது. மேலே இரு சிறு கோடுகளாக அமைந்த வேறொரு குறி, 649 முறை வருவது, வரித் தொடக்கத்துச் சொற்றொடரை அடுத்து நிற்பது. பின்னர் இதே தொகுப்பைச் செப்பனிட்டு ஆராய்ந்தவர்கள், வரியைத் தொடங்கும் குறிகளில் ஐந்தில் நான்கு பங்கை நிரப்ப 82 குறிகள் வேண்டியிருக்க, முடிக்கும் குறிகளில் அதே பங்கை 23 குறிகளே நிரப்பிவிடுகின்றன என்று கண்டனர்.

எங்கள் தபால்காரர் கண்டதும் இதுவே அல்லவா? உறையின் தொடக்கத்தில் நூறு பெயர்கள். முடிவிலோ ஒரே ‘பம்பாய் 19’. முன்னே பல, பின்னே சில. ஒலி ஒன்றும் தெரியாமலேயே, இஃது ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது, ஏதோ விதிப்படி எழுதப்பட்டது என்று துணியலாம். ஆனால் உறையின் கடைசி வரியை ‘பம்பாய்’ என்று ஒலிக்க வேண்டுமென்பதை, ஆயிரம் உறைகளை எண்ணினாலும் அவர் எண்ணிக்கையால் மட்டும் அறிந்திருக்க முடியாது. குடக் குறி இறுதியில் நிற்கிறது என்பது எண்ணிக்கை. அது தமிழின் ‘அன்’ விகுதி என்றோ வேறொரு மொழியின் வேற்றுமை உருபு என்றோ கூறுவது, எண்ணிக்கைக்கு அப்பாற்பட்ட ஊகம். 

மகாதேவன் அந்த எல்லைக்கோட்டை உணர்ந்திருந்தார். திராவிட மொழியே அடியில் உள்ளது என்னும் கருத்து அவருக்கு உண்டு. சில குறிகளுக்குப் பொருள் கூறும் கட்டுரைகளும் எழுதினார். ஆனால் 1977ஆம் ஆண்டு அடைவில் அதனைக் கலக்கவில்லை. திராவிடம் என்பவரும் வேத மொழி என்பவரும் ஒரே நூலைத் திறந்து தத்தம் வாதத்தைச் சோதித்துக்கொள்ளலாம். தமிழர் ஒருவர், தமக்கு உவப்பான முடிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை எடுத்து நூலில் வைக்காமல் விட்டார் என்பதை நான் பெருஞ்செயலாகக் கருதுகிறேன். படித்துவிட்டேன் என்று கூறிய நூல்கள் எத்தனையோ வந்து மறைந்தன. எதையும் படித்துவிட்டதாகக் கூறாத அந்நூல் இன்னும் ஆராய்ச்சியாளர் மேசைமீது இருக்கிறது. பிற்காலத்தில் 1987 முதல் 1991 வரை ‘தினமணி’யின் ஆசிரியராகவும் விளங்கி, தம் நூலகத்தையும் குறிப்புகளையும் கொண்டு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளி ஆய்வு மையம் அமையவும் துணை நின்று, 2018 நவம்பரில் அவர் காலமானார்.

இடையில் ஒரு புயல் வீசிற்று. 2004இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்ஸல் ஆகிய மூவர், இது மொழியைக் குறிக்கும் எழுத்தே அன்று; கொடிச் சின்னம், குலச் சின்னம் போன்ற அடையாளத் திரளே என்று எழுதினர். வாசகங்கள் மிகச் சிறியன. ஒரே முறை வரும் குறிகள் மிகுதி. இவை அவர்களுடைய வாதங்களுள் சில. எழுத்தே இல்லையெனில் அது தமிழா என்னும் வழக்குக்கே இடமில்லை.

இதற்கு மறுமொழி மீண்டும் கொலாபாவிலிருந்தே எழுந்தது. டாட்டா நிலையத்தின் நிஷா யாதவ், விண்ணியல் அறிஞர் மயங்க் வாஹியா, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரணஜய் அதிகாரி, அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜேஷ் ராவ், ஹிருஷிகேஷ் ஜோக்லேகர் ஆகியோருடன், எழுபத்தெட்டு வயது மகாதேவனும் சேர்ந்து 2009இல் ‘ஸயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். துளையட்டையின் காலம் போய், மேசைமீதுள்ள கணினியும் அதற்குரிய மென்பொருளும் வந்துவிட்ட காலம் அது. அவர்கள் அளந்தது இதுதான்: ஒரு குறி வந்தபின், அடுத்து எது வரலாம் என்பதில் எத்துணைச் சுதந்திரம் உண்டு? எதன்பின் எதுவும் வரலாம் என்றால் அது வெறுங்குவியல். ஒன்றன்பின் இன்னது மட்டுமே வரலாம் என்றால் அது இறுகிய சடங்கு வரிசை. மொழி இவ்விரண்டுக்கும் நடுவே உலவுவது. ‘அவன்’ என்றபின் ‘வந்தான்’ வரலாம், ‘போனான்’ வரலாம், ‘வந்தாள்’ வராது. ஆங்கிலம், சுமேரியம், ரிக் வேத சமஸ்கிருதம், எட்டுத்தொகைத் தமிழ் ஆகியவற்றையும், உயிரணுக்களில் உள்ள மரபுக் குறிவரிசையையும், கணிப்பொறிக்கென மனிதர் வகுத்த ‘ஃபோர்ட்ரான்’ மொழியையும் பக்கத்தில் வைத்து அளந்தபோது, சிந்துவெளிக் குறிகள் மனித மொழிகளின் கூட்டத்திலேயே நின்றன.

நம் விழாப் பேச்சாளர் கேள்வியுற்ற செய்தி இதுவாகவே இருக்க வேண்டும். எட்டுத்தொகையோடு ஒப்பிட்டனர் என்பது, எட்டுத்தொகையின் மொழியே இது எனத் திரிந்துவிட்டது போலும். அதே வரிசையில் ரிக் வேதமும் ஆங்கிலமும் நின்றன என்பதை அவர் கூறவில்லை. கூறியிருந்தால் கரவொலி சற்றுத் தாழ்ந்திருக்கும். மேலும், அவ்வளவையும் வல்லுநர் எல்லோரும் ஏற்கவில்லை. மொழியல்லாத சின்னத் திரள்களும் அதே அளவில் நிற்கக்கூடும் என்று ஸ்ப்ரோட் 2010இல் கடுமையாக மறுத்தார். அவர் மறுப்பில் சாரம் உண்டு. இவ்வளவையால் ஒன்று மொழியாய் இருக்கக்கூடும் என்று காட்டலாம். மொழிதான் என்று முத்திரை குத்த முடியாது. நிஷா யாதவ் குழுவினர் 2010இல் செய்த மற்றொரு சோதனை எனக்கு இதனினும் உறுதியாகத் தோன்றுகிறது. வாசகத்தில் சிதைந்தும் மங்கியும் ஐயத்துக்கு இடமாகிப்போன குறி எதுவாக இருக்கும் என்று, மற்ற வாசகங்களின் பழக்கத்தை வைத்துக் கணினி ஊகிக்க வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து அளவில் அது சரியாகக் கூறிற்று. மழையில் நனைந்து மை கரைந்த உறையையும் தபால்காரர் உரிய வீட்டில் சேர்ப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

2025 ஜனவரியில், சிந்துவெளி அறிவிப்பின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் கருத்தரங்கம் நடந்தபோது, இவ்வெழுத்தைத் தெளிவுறப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். தமிழகத்துப் பானையோடுகளில் உள்ள கீறல்களைக் கணினியில் தொகுத்து, சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றும் அப்போது வெளியாயிற்று. கே. ராஜனும் ஆர். சிவானந்தனும் தமிழகத்தின் 140 இடங்களைச் சார்ந்த ஓடுகளைத் திரட்டிச் செய்தது அது. சிந்துவெளிக் குறிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு இணையான வடிவங்கள் இங்கும் உள்ளன என்கிறது அவ்வாய்வு. வடிவ ஒப்புமை என்றே அதனை ஆய்வாளர் பெயரிட்டிருப்பது கவனிக்கத்தக்கது. வடிவம் ஒத்தால் ஒலியும் ஒக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாம் ‘ப’ என்று படிக்கும் வடிவத்தை ஒத்த ஒன்றை ஆங்கிலேயர் ‘யூ’ என்று படிக்கின்றனர்.

இவ்வாராய்ச்சியின் முடிவுகளுள் என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. விழா மேடைகளில் அதனை எவரும் குறிப்பிட நான் கேட்டதில்லை. சிந்துவெளி முத்திரைகள் சிந்துவெளியில் மாத்திரம் கிடைக்கவில்லை. கடல் கடந்து சென்ற வணிகரோடு அவை மெஸபொடேமியாவுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் சென்றன. ஊர் என்னும் நகரில் கிடைத்தவற்றை ஸி. ஜே. காட் என்பார் 1932இலேயே வெளியிட்டார். 2009இல் ராவும் மகாதேவன் முதலியோரும் இந்த வெளிநாட்டு முத்திரைகளைத் தனியே எடுத்து, சிந்துவெளி வாசகங்களில் பயின்ற வரிசையோடு பொருந்துகின்றனவா என்று கணினியைக் கேட்டனர். பொருந்தவில்லை. குறிகள் சிந்துவெளிக் குறிகளே. ஆனால் எதன்பின் எது நிற்க வேண்டும் என்ற தாய்நாட்டுப் பழக்கத்தை அவற்றுள் பல மீறியிருந்தன. எழுத்து ஊர் எழுத்து. எழுதிய பொருளோ மொழியோ வேறாயிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அயல்நாட்டில் குடியேறிய வணிகர் தம் எழுத்தில் அயலாரின் பெயரையோ மொழியையோ எழுதிவைத்தனர் போலும்.

சுமேரியர் ‘மெலுஹா’ என்று வழங்கிய நாடு சிந்துவெளியே என்பது அறிஞர் பலரின் கருத்து. மெலுஹா மொழிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஷூ-இலிஷு என்பவருடைய முத்திரை பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. லகாஷ் நாட்டில் ‘மெலுஹா கிராமம்’ என்று ஒரு குடியிருப்பே இருந்தது. அதனைக் குறிப்பிடும் களிமண் ஏடுகள் சிந்து நகரங்கள் மங்கத் தொடங்குவதற்குச் சற்று முற்பட்டவை. அக்கிராமத்தோடு தொடர்புற்றுக் குறிக்கப்படும் மனிதர் பெயர்களோ பெரும்பாலும் சுமேரியப் பெயர்களாகவே உள்ளன. ஊரின் பெயரில் மட்டும் பழைய நாடு நின்றது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும், திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்தவர்களின் தெருக்களிலும், இதனைப் படிக்கும் அன்பர்கள் குடியேறியுள்ள மற்ற நகரங்களிலும் மெலுஹா கிராமங்கள் இல்லையா?

தெலங் வீதிக்கு அருகே எங்கள் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. சென்ற தீபாவளிக்கு என் பேரன் தன் கையால் எனக்கு ஒரு வாழ்த்து எழுதிக் கொடுத்தான். சொற்கள் தமிழ், எழுத்து பள்ளியில் கற்ற தேவநாகரி. ‘ழ’வுக்கு எந்த எழுத்தை இடுவது என்று தெரியாமல் அடித்து அடித்து எழுதியிருந்தான். அக்காகிதத்தையும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். மராட்டி எழுத்துத்தான், ஆனால் மராட்டி வரிசையில் இல்லை என்று ஓர் இயந்திரம் என்றேனும் அதனைத் தனியே பிரித்து எடுத்து வைக்கும்.